எங்கள் காலத்துக்கு அப்புறம்?

வணக்கம் நேயர்களே. கொஞ்ச நாள் முன்பு நங்கநல்லூரிலிருந்து ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். 24 வயது மகனுக்கு ஆட்டிசம். மூத்த மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "எங்க காலத்துக்கு அப்புறம் இவனுக்கு யாரு மேடம்?"

ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்கள். வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடுவது, அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்வாள். நம் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மகள் தங்கமானவள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டப்படி அது அவள் வீடு. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவள் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனால் அந்த வீடு ஜப்திக்கு வரலாம். தம்பி பெயர் எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

இதற்கு வேறு வழி இருக்கிறது: டிரஸ்ட். டிரஸ்ட் என்றால் கோயிலும் பள்ளிக்கூடமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் குடும்பத்துக்கென்றே தனியார் டிரஸ்ட் ஏற்படுத்தலாம். அதற்கான இந்திய டிரஸ்ட் சட்டம் 1882லிருந்தே இருக்கிறது. அப்பா சொத்தை டிரஸ்டில் வைக்கிறார். மகள் டிரஸ்டி. மகன் பயனாளி. வாடகை வாங்குவதும் பேங்கில் கையெழுத்துப் போடுவதும் அவள்தான், ஆனால் ஒவ்வொரு ரூபாயும் தம்பிக்குரியது. அவளுடைய சொந்தக் கடனுக்காக அதை யாரும் தொட முடியாது. மகளை நம்பாமல் செய்வதல்ல இது. அவள் தலையில் மொத்தப் பாரத்தையும் ஏற்றாமல் இருக்கச் செய்வது. கூட இன்னொரு டிரஸ்டியைப் போடுங்கள், இவர்களுக்குப் பிறகு யார் என்பதையும் எழுதிவிடுங்கள். மகன் காலத்துக்குப் பிறகு மீதி யாருக்கு என்பதையும்தான்.

வீடோ நிலமோ என்றால் டிரஸ்ட் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். உயில் மூலமாகவும் டிரஸ்ட் ஏற்படுத்தலாம். அப்போது உங்கள் காலம் வரை சொத்து உங்களிடமே இருக்கும், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். ஆனால் பெற்றோருக்கே நினைவு தப்பிப்போனால் உயில் உதவாது, ஏனென்றால் இறந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். அதனால் வீட்டை உயிலில் வைத்துவிட்டு, கொஞ்சம் பணத்தோடு ஒரு டிரஸ்டை இப்போதே ஆரம்பிப்பது நல்லது என்பேன்.

வரி விஷயத்தில் ஒன்று. யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெளிவாக எழுதினால், பயனாளி கட்டும் விகிதத்திலேயே வரி. டிரஸ்டி இஷ்டம்போல் பிரிக்கலாம் என்று விட்டால் பொதுவாக உச்ச விகிதம் வந்துவிடும். உங்கள் ஆடிட்டரிடம் இதைக் கேட்காமல் பத்திரம் எழுதாதீர்கள்.

அம்பத்தூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் வேறொரு கேள்வியோடு வருவார்கள்: "கடன் கழுத்தை நெரிக்குது, வீட்டை டிரஸ்டில போட்டா தப்புமா?" தப்பாது. கடன் கொடுத்தவரை ஏய்க்கச் சொத்தை மாற்றினால், அவர் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்ய வைக்கலாம். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. தொழில் நன்றாக நடக்கும்போது, கடன் நெருக்காத நாளில், திரும்பப் பெற முடியாதபடி எழுதிய டிரஸ்ட்தான் நிற்கும். நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினால் வருமான வரிக்கும் அது உங்கள் வருமானம்தான்.

சரி, அந்த மகன் விஷயத்துக்கு வருவோம். டிரஸ்ட் பணத்தைத்தான் பார்க்கும். 18 வயது தாண்டிய மகனுக்குப் பெற்றோரும் தானாகவே கார்டியன், அதாவது அவன் சார்பில் சட்டப்படி முடிவெடுப்பவர், ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு கார்டியனை நியமிக்கிறது. அந்த மனுவையும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

பத்திரத்தோடு ஒரு நோட்டும் வைக்கச் சொன்னேன். அடுத்த வாரமே அந்த அம்மா எழுதிக் கொண்டுவந்தார். குக்கர் விசில் சத்தம் ஆகாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தயிர்சாதத்தில் கடுகு இருந்தால் சாப்பிட மாட்டான். ராத்திரி விளக்கை அணைக்கக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் மூன்று ரயில் பார்க்க வைக்க வேண்டும், இரண்டோடு திரும்பினால் அழுவான்.