பிராம் ஸ்டோக்கரை முதல்முறை படிக்கிறீங்களா? டிராகுலாவுல எங்க தடுக்கும், எப்படித் தாண்டுறது

வணக்கம் நண்பர்களே. டிராகுலாவைப் படத்துல பாக்காதவங்க இல்ல, நாவலைக் கையில எடுத்தவங்கதான் கம்மி. எழுதின பிராம் ஸ்டோக்கர் டப்ளின்காரர், லண்டன் லைசியம் நாடக அரங்கோட மேனேஜர். 1897-ல வந்த புத்தகம், 27 அத்தியாயம். காப்புரிமை முடிஞ்சதால புராஜெக்ட் குட்டன்பர்க்ங்கிற மின்னூல் தளத்துல இலவசமாவே இருக்கு. சுருக்கின பதிப்பு மட்டும் வேண்டாம். டைரி, கடிதம், தந்தி, பேப்பர் செய்தின்னு பல குரல்ல போற கதை இது. சுருக்குனா எல்லாம் ஒரே குரலாயிடும், சஸ்பென்ஸே போயிடும்.

முதல் 4 அத்தியாயத்தை ஒரே மூச்சுல படிங்க. ஜோனதன் ஹார்க்கர்ங்கிற இளம் வக்கீல் டிரான்சில்வேனியா கோட்டையில மாட்டிக்கிறார். மே 19-ம் தேதி டைரியைப் பாருங்க. ஊருக்கு 3 கடிதம் எழுதித் தரச் சொல்றான் டிராகுலா. வேலை முடியப்போகுதுன்னு ஒண்ணு, நாளைக்குக் கிளம்புறேன்னு ஒண்ணு, கோட்டையை விட்டு வந்துட்டேன்னு ஒண்ணு. தேதி என்ன போடணும்? ஜூன் 12, 19, 29. தன் ஆயுள் எதுவரைக்கும்னு ஹார்க்கருக்கு அந்த இடத்துல புரிஞ்சுடுது. ஒரு சொட்டு ரத்தம் இல்லாம இப்படி நடுங்க வைக்கிறார் பாருங்க, அதுதான் ஸ்டோக்கர்!

5-ம் அத்தியாயத்துலதான் பல பேர் புத்தகத்தை மூடிடுறாங்க. ஜூன் 30-ல நின்ன கதை, திடீர்னு ஹார்க்கர் கட்டிக்கப்போற பொண்ணு மீனா மே 9-ம் தேதி எழுதின கடிதத்துக்குப் பின்னோக்கிப் போகுது. ஒரு துண்டுச்சீட்டுல யாரு, எந்தத் தேதின்னு குறிச்சுக்கிட்டா குழப்பம் வராது. அடுத்த அத்தியாயத்துல, இங்கிலாந்துக் கடற்கரை ஊரான விட்பியோட கிழவர் ஸ்வேல்ஸ் பேசுறது கனமான யார்க்‌ஷயர் வழக்கு. சொல்லுக்குச் சொல் அகராதி தேடாதீங்க. கல்லறைக் கல்லுல எழுதியிருக்கிறது பொய்ங்கிறார், அவ்வளவு புரிஞ்சா போதும்.

7-ல, டிராகுலா ஒளிஞ்சு வர்ற டிமீட்டர் கப்பலோட லாக்புக், அதாவது பயணக் குறிப்பேடு. வார்னா துறைமுகத்துல கிளம்பும்போது 9 பேர், அப்புறம் ஒவ்வொருத்தரா காணாமப் போறாங்க. கேப்டனுக்குக் காரணம் தெரியாது, நமக்குத் தெரியும். அதனாலதான் அந்தச் சில பக்கம் அவ்வளவு பயமுறுத்துது. (1885-ல டிமிட்ரிங்கிற ருஷ்யக் கப்பல் விட்பி கரையில நிஜமாவே ஒதுங்கிச்சு.)

இதுக்கப்புறம் டிராகுலா அபூர்வமாத்தான் கண்ணுல படுவான். எல்லாருக்கும் டைரி இருக்கு, அவனுக்குக் கிடையாது. அடுத்தவங்க பாத்த அளவுக்குத்தான் நமக்கும் தெரியும். பல நூறு வருஷம் வாழ்ந்த தீமைக்கு எதிரா நல்லவங்க எடுக்கிற முதல் ஆயுதம் சிலுவை இல்ல, மீனாவோட டைப்ரைட்டர். சிதறிக் கிடந்த குறிப்பையெல்லாம் 17-ம் அத்தியாயத்துல தேதிவாரியா அடிச்சு அடுக்குறா. டைரிக்கு எதுக்கு 3 பிரதி எடுக்கிறான்னு பின்னாடி தெரியும்.

அங்கிருந்து பெட்டி வேட்டை. டிராகுலா படுத்துக்கிறதுக்குன்னு லண்டனுக்குக் கொண்டுவந்த, மண் நிரப்பின பெட்டி மொத்தம் 50. உங்க சீட்டுலயும் எழுதிக்கோங்க: டிராகுலா வாங்கின கார்ஃபாக்ஸ் வீட்டுல 29, லண்டன்ல மைல் எண்ட்ல 6, பெர்மாண்ட்சியில 6, பிக்காடில்லியில 9. 22-ம் அத்தியாயத்துல பிக்காடில்லி வீட்டுக் கதவைத் திறந்து எண்ணுவாங்க. 8 தான் இருக்கும்.