நதிமூலம் பார்க்கலாம், வாருங்கள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, காலிங்கராயன் வாய்க்கால் பாசன விவசாயப் பெரியோர்களே, தாய்மார்களுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துச் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பியே, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கும், அதைவிட முக்கியமாக அந்தச் சுக்குக் காபிக்கும் நன்றி.

நீலகிரியின் மலை, ஏரி, ஆறு மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முயல்கிறேன்.

‘நதிமூலம், ரிஷிமூலம் பார்க்காதே’ என்பார்கள். ரிஷிகளை விடுங்கள், அது அவர்கள் குடும்ப விவகாரம். நதிமூலத்தை ஏன் பார்க்கக் கூடாது?

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் நீலகிரி. அதன் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். மழை அதிகம் கொட்டுவது அங்கே அல்ல, தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதும் மேற்கு விளிம்பில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. உங்கள் ஈரோடு மாவட்டத்துக்கு அது ஏறக்குறைய ஒரு வருட மழை! அந்த விளிம்பில் பிறக்கும் பவானி, கேரளத்துக்குள் இறங்கி அட்டப்பாடியை எட்டிப் பார்த்துவிட்டு, மனம் மாறிக் கிழக்கே உங்களிடம் வருகிறது.

அடுத்து ஏரிகள். உதகை ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கியது. எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி, பைக்காரா எல்லாம் மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கியவை. மலை தனக்கென்று வைத்திருக்கும் ஏரி வேறு. அதில் படகு விட முடியாது. நான் விழுந்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு வனக்காவலரோடு பவானியின் மூலத்தைப் பார்க்கப் போனேன். புதுச் சப்பாத்து. வழி முழுக்க அவரிடம் புவியியல் பாடம் நடத்திக்கொண்டே போனேன். பாவம், கேட்டுக்கொண்டே வந்தார். புல்வெளிப் பள்ளம் ஒன்று வந்ததும், “ஐயா, சுற்றிப் போகலாம்” என்றார். “புல்தானே!” என்று கால் வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இழுத்தால் கால் வருகிறது, சப்பாத்து வரவில்லை. இருவரும் கைவிட்டுத் துழாவினோம். கிடைக்கவில்லை. “மூலம் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தீர்களே, அதில்தான் நிற்கிறீர்கள்” என்றார் அவர். எட்டு மைல் ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பினேன். பவானித் தண்ணீர் சற்றுக் கறுப்பாக வந்தால் என்மேல் சந்தேகப்படுங்கள்.

அந்தச் சதுப்புதான் ஏரி. மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சதுப்பு. பருவமழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் கசியவிடுவது இவைதாம். நதிமூலம் பார்க்காதே என்றவர் இதைப் பார்த்திருக்க மாட்டார். வெள்ளைக்கார அதிகாரிகளும் பார்க்கவில்லை. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்கிற வாட்டில் மரத்தையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் கொண்டுவந்தார்கள். நாமும் விடாமல் நட்டோம். புல் இருந்த இடத்தில் இன்று சீகை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது.

மரத்தை வெட்டு என்று மேடையில் பேசுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே கன்றுகள் மொய்த்துக்கொண்டு முளைக்கும். வருடாவருடம் பிடுங்க வேண்டும், உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். அதற்குத் தொடர்ந்து பணம் ஒதுக்கக் கேட்கிறோம். அணைக்குத் தூர்வாரக் கேட்கும் விவசாயிகள் இதையும் சேர்த்துக் கேட்டால் என்ன?

பைக்காரா எப்படி மோயாறாகிப் பவானிசாகரில் சேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னொரு நாள்.

வாசலில் மனு இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போயின, ஆகவே நூலை அறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.