மாங்காய் சேராத மாங்காய் மணம்

முன்வரிசையில் இருப்பவர்கள் இந்த இரண்டு காகிதப் பட்டைகளையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் வெனிலின் தொட்டிருக்கிறது. ஐஸ்கிரீம் கடை வாசனை. இன்னொன்றில் ஐசோபியூட்டைல் ஃபினைல் அசிடேட். பெயர் வாயில் நுழையாது, முகர்ந்தால் தேன் வாடை அடிக்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பிடித்து மூக்குக்கு முன்னால் விசிறுங்கள். சாக்லேட் வருகிறதா? சரி, அப்படியே பின்னால் அனுப்புங்கள்.

நிஜ சாக்லேட்டின் மணத்தில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் உண்டு. இங்கே இரண்டுதான். இந்த வித்தையை எனக்குக் காட்டிக்கொடுத்தது பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ழான்-குளோது எலெனாவின் எழுத்து.

1947இல் பிறந்தவர். வாசனைத் தொழிலுக்குப் பேர்போன, தென் பிரான்சின் கிராஸ் பகுதிக்காரர். அப்பாவுக்கும் அதே தொழில். சிறுவனாகப் பாட்டியோடு மல்லிகை பறிக்கப் போனவர், பதினாறு வயதில் அங்கேயே ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1968இல் ஜெனீவாவில் ஜிவோதான் என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி. 1976இல் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் என்ற நகை நிறுவனத்துக்காக ‘ஃபர்ஸ்ட்’ என்ற வாசனைத் திரவியத்தைச் செய்தார். அது கல்யாண விருந்து. இலை கொள்ளாத பதார்த்தம். அன்றைய மோஸ்தர் அப்படி. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தார். இந்தத் தொழிலில் கைக்கு எட்டும் மூலப்பொருட்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர் வைத்துக்கொண்டது ஏறக்குறைய 200.

இவர்களுக்கு மூக்கு விசேஷமானதோ என்று பலரும் கேட்கிறார்கள். நம் மூக்குதான், ஞாபகம்தான் பழக்கப்பட்டது. எலெனா வேலையைத் தொடங்குவது புட்டிகளோடு அல்ல, காகிதத்தோடு. பொருளின் பெயர், பக்கத்தில் அளவு. உதவியாளர் தராசில் நிறுத்துக் கலந்து தருவார். முகர்வார், ஒரு வரியை அடிப்பார், மறுபடி நிறுக்கச் சொல்வார்.

2004இல் எர்மேஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனம் அவரைத் தன் சொந்த வாசனைக் கலைஞராக அமர்த்தியது. நைல் நதியின் பெயரில் ஒரு வாசனை வேண்டும். பெயர் தயார், மணம்தான் இல்லை! எகிப்தில் அஸ்வானுக்குப் போய் மல்லிகை, மசாலாக் கடை என்று அலைந்தார். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் பிடிபட்டது மரத்தில் தொங்கிய பச்சை மாங்காய். நமக்கு இதில் என்ன அதிசயம்? உப்பும் மிளகாய்த்தூளும் எங்கே என்றுதான் கேட்போம். அவருக்கோ அந்தக் காயில் பிசின், ஆரஞ்சுத் தோல், கிரேப்ஃப்ரூட், கேரட் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. மாங்காயைப் பிழிந்து எண்ணெய் எடுக்கவில்லை. தெரிந்த அந்தத் துண்டுகளை வைத்தே மாங்காயை நினைக்க வைத்தார். ‘நைல் நதித் தோட்டம்’ 2005இல் வெளிவந்தது.

இவர் வாசனையெல்லாம் வெறும் தண்ணீர் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மல்லிகைச் சரமும் சாம்பிராணிப் புகையும் மண்டிய வீட்டில் வளர்ந்த எனக்கே சில சமயம் போதாமல்தான் இருக்கிறது. ஆனால் ஃபர்ஸ்டையும் நைலையும் ஒரே நாளில் முகர்ந்து பாருங்கள், இந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது புரியும். ஒரே கையில் மட்டும் இரண்டையும் அடித்துவிடாதீர்கள்.