வாங்கும் மூச்சும் விடும் மூச்சும்

நேயர்களுக்கு வணக்கம். நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் சொல்லித்தரும் இயன்முறை மருத்துவர் நான். என்னிடம் வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "மூச்சு வாங்குகிறது." நன்றாக இருக்கும்போது நாம் மூச்சு வாங்குவதில்லை, மூச்சு விடுகிறோம். உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் சேர்ந்த முழு வேலைக்கும் தமிழில் 'விடுதல்' என்றே பெயர். சீன மொழியில் சுவாசத்தை 'ஹூஷி' என்கிறார்கள். 'ஹூ' என்றால் வெளியே விடுவது, 'ஷி' என்றால் உள்ளே இழுப்பது. அங்கும் விடும் மூச்சுதான் முதலில் வருகிறது. அந்த விடும் மூச்சைச் சீன மருத்துவம் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது என்பதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

சீன மருத்துவத்தின் மூலநூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமை உடையது. உடலை ஓர் அரசாக அது உருவகிக்கிறது: இதயம் மன்னன், நுரையீரல் அமைச்சர். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் மேலே கவிந்திருப்பதால் நுரையீரலை அரசனின் குடைக்கும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிறங்களில் நுரையீரலுக்கு அவர்கள் கொடுத்தது வெண்மை. படிக்கும்போது எனக்கு நம் வெண்கொற்றக்குடைதான் நினைவுக்கு வந்தது. இலையுதிர் காலமும் துக்கமும்கூட நுரையீரலைச் சேர்ந்தவை என்றார்கள். துக்கம் நெஞ்சில் நிறைந்தால் பெருமூச்சு விடுகிறோமே, அதைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணியதில் வியப்பில்லை.

அதே நூலில் ஓர் எச்சரிக்கை உண்டு. நெடுநேரம் படுத்தே கிடப்பது 'சீ'யை, அதாவது உயிர்மூச்சைக் கெடுக்கும் என்கிறது. இதை நான் நோயாளிகளின் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறேன். அப்பாவுக்கு இளைக்கிறது என்று கட்டிலிலேயே வைத்திருப்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அசையாத கால்களின் தசை மெலிகிறது. மெலிந்த தசை நாலடி நடப்பதற்குள் களைத்துவிடுகிறது. அடுத்த வாரம் அவருக்குக் கழிவறை வரை போகவே மூச்சு முட்டுகிறது.

மூச்சையும் அசைவையும் சேர்த்துச் செய்யும் பயிற்சிக்குச் சீனத்தில் 'தாவ்யின்' என்று பெயர். 1973ஆம் ஆண்டு ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. அதில் 44 மனித உருவங்கள். ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும், கையை உயர்த்தியும் உடலை வளைத்தும் நிற்கிறார்கள். அந்த ஓவியத்தில் முதியவர்களும் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் நோயாளிகளிடம் அதிகம் பயன்படுத்துவது இன்னொன்று: 'லியூ ஸி ஜுவே', ஆறு எழுத்து முறை. கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் என்ற மருத்துவ அறிஞரின் பெயரோடு இது வழங்கிவருகிறது. மூச்சை இழுக்க ஒரே வழி, விடுவதற்கு ஆறு வழிகள் என்பது இதன் அடிப்படை. ஒவ்வோர் ஒலியும் ஓர் உறுப்புக்கு உரியது. நுரையீரலுக்கு உரியது 'ஸ்ஸ்' என்று பல்லிடுக்கில் கசியும் ஒலி.

இது ஏன் பயன்படுகிறது? புகைபிடித்தவர்களுக்கும், பல ஆண்டு விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், சிக்கல் முதலில் தொடங்குவது மூச்சை விடும்போதுதான். சிறிய காற்றுக்குழாய்கள் காற்று வெளியேறும் வழியிலேயே ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தேங்குகிறது. நெஞ்சு பானைபோல உப்பி, நுரையீரலுக்குக் கீழே மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. நிறைந்த குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தானே செய்யும்? நோயாளியோ காற்றுப் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுக்கிறார். பல்லையோ உதட்டையோ குறுக்கி மெல்ல விடும்போது, அந்தத் தடை குழாய்களுக்குள் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, அவை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. உதடு குவித்து மூச்சு விடும் பயிற்சியை இன்றைய மருத்துவமனைகள் கற்றுத்தருவதும் இதற்காகவே.

'பா துவான் ஜின்' என்ற எட்டுப் பயிற்சிகளின் தொகுதியில், இரண்டாவது பயிற்சி வில்லை வளைப்பது. குதிரையேறியவர்போல் கால் அகட்டி நின்று, ஒரு கை நாணை இழுக்க, மறுகையை நீட்டி வில்லைப் பிடிக்கிறோம். நீட்டிய கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரிந்திருக்க வேண்டும். சீன மருத்துவப்படி நுரையீரலின் நாடி, அதாவது 'சீ' ஓடும் பாதை, கட்டைவிரலில் முடிகிறது, அதன் இணையான பெருங்குடலின் நாடி சுட்டுவிரலில் தொடங்குகிறது. அந்த நாடிகளை உடற்கூறியல் இதுவரை கண்டதில்லை. அவற்றை நம்புங்கள் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. விலா எலும்புகள் விரிவதும், கூன்விழுந்த தோள் நிமிர்வதும் கண்முன்னே நடக்கின்றன. எனக்கு அது போதும்.

2018இல் வெளியான ஒரு சீன ஆய்வையும் சொல்ல வேண்டும். இந்த அடைப்பு நோய் உள்ள 120 பேரில் பாதிப்பேருக்கு மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான 'தாய் சி', மீதிப்பேருக்கு வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, 12 வாரம். முடிவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். பயிற்சி முடிந்து மேலும் 12 வாரம் கழித்துப் பார்த்தபோது தாய் சி கற்றவர்கள் சற்றுக் கூடுதலாக நலமாக இருந்தார்கள். கருவி வேண்டாம், பெரிய இடம் வேண்டாம் என்பதால் வீட்டிலும் தொடர முடிகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இவை மருந்துக்கு மாற்று அல்ல. மருத்துவர் தந்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சை அடக்கி வைக்காதீர்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஓய்வெடுத்தும் திணறல் அடங்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது உட்கார்ந்தபடியே என்னோடு செய்து பாருங்கள். தோளைத் தளர்த்துங்கள். மூக்கு வழியாக மெதுவாக இழுங்கள், முழுதாக நிரப்ப வேண்டாம். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் லேசாகத் தொடட்டும். உள்ளங்கைகளை நெஞ்சிலிருந்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டே, இழுத்ததைவிட நீளமாக, 'ஸ்ஸ்ஸ்' என்று விடுங்கள். கடைசிக் காற்றைப் பிழிந்து தள்ளாதீர்கள், அதுவாகப் போகட்டும். கைகள் திரும்பி வரும்போது அடுத்த மூச்சு தானாக உள்ளே வரும். இப்படி ஆறு முறை. மாடிப்படி ஏறும்போதும் இதே ஒலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: நின்று இழுத்து, விட்டுக்கொண்டே இரண்டு படி.

நன்றி, வணக்கம்.