1.3 என்று மட்டும் எழுதினால் போதுமா?

[காட்சி: பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஊராட்சி அலுவலக மேசையில் பழைய நோட்டு.]

வணக்கம். இந்த நோட்டில் "போர்வெல் தண்ணீர், ஃப்ளோரைடு 1.3" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃப்ளோரைடு என்பது பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஒரு பொருள், அளவு கூடினால் பல்லில் கறை விழும். நோட்டில் உள்ள எண்ணுக்கு அர்த்தம், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். சோதித்துப் பார்த்து எழுதிய எண் என்பதால் அது உண்மைத் தகவல். சரி, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

குடிநீருக்கான இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை விடலாம். அதனால் எண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஊருக்கு வேறு தண்ணீர் வருகிறதா என்று கேட்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வரும் தெருவில் அதே 1.3 அதிகம்தான். இதைத்தான் பின்னணி என்கிறோம்.

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் தண்ணீர்.]

அப்புறம், ஊரார் சொல்லும் கருத்து. "கொதிக்க வைத்தால் எல்லாம் போயிடும்." கிருமிக்கு இது சரி. ஃப்ளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது, கொதித்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

"பல் விளக்காததால்தான் பல்லில் காவிக் கறை" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு வலிக்கும். ஏறக்குறைய எட்டு வயதுக்குள், நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும்போது குடித்த தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு செய்த வேலை அது. தேய்த்துப் போக்க முடியாது. 30 வயதுக்காரரின் பல்லை வைத்து இன்றைய குழாய்த் தண்ணீரை எடை போடவும் முடியாது. அவர் எந்த ஊரில் வளர்ந்தார் என்று கேட்டால்தான் அந்தக் கறை நமக்குத் தகவலாகும்.

[காட்சி: மேல்நிலைத் தொட்டி. வால்வைத் திருகும் கை.]

அதற்காக ஊரார் சொல்வதை ஒதுக்கிவிடக் கூடாது. "கோடையில இந்தத் தண்ணி உப்பு கரிக்குது" என்கிறார் டேங்க் ஆபரேட்டர். ஃப்ளோரைடுக்கு நிறமும் சுவையும் கிடையாது, அவர் நாக்கு அதை அளக்கவில்லை. ஆனாலும் நீர்மட்டம் இறங்கும்போது தண்ணீரின் தன்மை மாறுவதுண்டு. தினமும் வால்வைத் திறப்பவருக்குத்தான் அது முதலில் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த அனுபவமும் அவரோடு போய்விடும். அதை நோட்டில் தங்க வைப்பதுதான் அறிவு மேலாண்மை. சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்து, கருத்தைக் கருத்தாகவே எழுத வேண்டும்.

[காட்சி: அதே நோட்டு. பழைய வரிக்குக் கீழே புதிய வரிகள்.]

"கோயில் பக்கத்து போர்வெல். ஃப்ளோரைடு 1.3. நவம்பரில், மழைக்குப் பிறகு எடுத்த மாதிரி. தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, இதைக் குளிக்க, துவைக்க மட்டும் விடவும். கோடையில் உப்பு கூடுவதாக டேங்க் ஆபரேட்டர் சொல்கிறார். மே மாதம் மறுபடி சோதிக்கவும்."