‘வாரியாக’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் டேட்டா வேர்ஹவுஸ்

[திரையில் ஒரே ஒரு வாக்கியம்]
“கிளை வாரியாக, மாத வாரியாக எந்த மருந்து எவ்வளவு விற்றது, கையிருப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியணும்.”

பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு மருந்துக்கடை உரிமையாளர், எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்த்து அலசிப் பார்க்க ஒரு டேட்டா வேர்ஹவுஸ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தருவது இவ்வளவுதான். ஆனால் நிதானமாகப் படித்தால் பாதி டிசைன் இதிலேயே இருக்கிறது.

[‘எவ்வளவு’ மஞ்சளாகிறது]
‘எவ்வளவு’, ‘எத்தனை’ வரும் இடத்தில் ஒரு மெஷர், அதாவது அளந்து பார்க்கும் எண், இருக்கிறது. எத்தனை பில் என்றால் எண்ண வேண்டும்; எவ்வளவு ரூபாய் என்றால் கூட்ட வேண்டும். கவுண்ட்டா, சம்மா என்பதைக்கூடத் தமிழ் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

[‘வாரியாக’ நீலமாகிறது]
அந்த எண்ணை எதை வைத்துப் பிரித்துப் பார்க்கிறோமோ அதுதான் டைமென்ஷன். ‘வாரியாக’ ஒட்டிய சொல் எல்லாம் அந்தப் பக்கம் போகும்: கிளை, மாதம். ‘எந்த மருந்து’ என்பதும் அப்படித்தான். நடுவில் மெஷர்களை வைத்திருக்கும் ஃபேக்ட் டேபிள், சுற்றிலும் டைமென்ஷன்கள். இதுதான் ஸ்டார் ஸ்கீமா.

இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு டிசைன் செய்வது புதிதல்ல. பொருட்களையும் (என்டிட்டி) அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் வரைபடமாகக் காட்டும் என்டிட்டி ரிலேஷன்ஷிப் மாடலை 1976-ல் தந்த கணினி அறிஞர் பீட்டர் சென், 1983-ல் ஆங்கில வாக்கிய அமைப்பை அந்த வரைபடத்தோடு பொருத்திக் காட்டினார். பெயர்ச்சொல் என்டிட்டி ஆகும். செயப்படுபொருள் குன்றா வினை உறவாகும். தமிழில் வேலை செய்பவர்கள் இந்த ‘வாரியாக’வையும் ஒரு விதியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சரி, வாக்கியம் சொல்லாதது எது?

[காலியான டேபிள்; முதல் வரி மட்டும் மின்னுகிறது]
ஃபேக்ட் டேபிளில் ஒரு வரி, அதாவது ஒரு ரோ, எதைக் குறிக்கிறது? டேட்டா வேர்ஹவுஸ் டிசைனில் முன்னோடியான ரால்ஃப் கிம்பால் இதை கிரெய்ன் என்கிறார். டைமென்ஷன்களையும் மெஷர்களையும் தொடுவதற்கு முன்பே இதை முடிவு செய்யச் சொல்கிறார். பில்லுக்கு ஒரு வரி என்று வைத்தால் மருந்து வாரியாகப் பிரிக்கவே முடியாது. அதனால் பில்லில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி. ‘மாத வாரியாக’ என்றாரே என்று மாதக் கூட்டுத்தொகையை மட்டும் சேமித்துவிடாதீர்கள். “ஞாயிற்றுக்கிழமை திறந்தால் கட்டுப்படியாகுமா?” என்று நாளைக்கே கேட்பார். நாள் கணக்கைக் கூட்டினால் மாதம் வரும். மாதக் கணக்கை உடைத்து நாளை எடுக்க முடியாது.

[இரண்டாவது ‘எவ்வளவு’ சிவப்பாகிறது]
இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். திங்கள்கிழமை கையிருப்பு 100 அட்டை, செவ்வாய் 90. கூட்டினால் 190. ஆனால் அந்தக் கடையில் எந்த நாளும் 190 அட்டை இருந்ததே இல்லை! ஒரே நாளில் எல்லாக் கிளைகளின் இருப்பையும் கூட்டலாம். நாட்களுக்குக் குறுக்கே கூட்டக் கூடாது. இதற்கு செமி அடிட்டிவ் மெஷர் என்று பெயர். எனவே கையிருப்புக்குத் தனி ஃபேக்ட் டேபிள்: ஒரு கிளை, ஒரு மருந்து, ஒரு நாள், ஒரு வரி. மாத இருப்பு என்றால் கடைசி நாள் இருப்பா, சராசரியா? அதை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஏஐ மாடலிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் உடனே டேபிள்களை வரைந்து தரும். முதல் வரைவுக்கு அது உண்மையிலேயே உதவும். அப்புறம் அதனிடம் இன்னொன்றும் கேளுங்கள்: “இந்த வாக்கியத்தில் எதெல்லாம் இரண்டு பொருள் தருகிறது?” அந்தப் பட்டியலோடு கடைக்குப் போங்கள்.

[கடைசித் திரை: கல்லாவில் ஒருவர் மருந்தைத் திருப்பித் தருகிறார்]
போன மாதம் விற்ற மருந்து இந்த மாதம் திரும்பி வந்தால் எந்த மாதக் கணக்கில் கழிப்பார்கள்? அதற்குப் பதில் வந்த பிறகுதான் ஃபேக்ட் டேபிளில் ஒரு தேதி போதுமா, விற்ற தேதி, திரும்பிய தேதி என்று இரண்டு வேண்டுமா என்று எழுத முடியும்.