மூச்சை விட்டுவிட்டு நிறுத்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கல்லீரல் நோய் முற்றியவர்களுக்கு எடுக்கும் ஸ்கேனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மெஷினை விட, அதற்குள் படுப்பவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், கடலுக்குப் போனவர். வயிற்றில் நீர் கட்டி வேட்டியே இடுப்பில் நிற்கவில்லை. "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க ஐயா" என்றேன். "இழுத்துத்தானே தம்பி அடக்குவோம், முங்கும்போது அப்படித்தான்" என்றார். கேட்டது நியாயம்தான். ஆனால் இழுத்து அடக்கினால் ஈரல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் போய் நிற்கும், விட்டுவிட்டு நிறுத்தினால் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடும். பதினைந்து விநாடிதான், அவரால் ஐந்துகூட முடியவில்லை, மல்லாந்து படுத்ததுமே மூச்சு முட்டியது.

அவருக்கு எழுதியிருந்தது எலாஸ்டோகிராஃபி, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன். வலது விலாவில் ஒரு வட்டத் தட்டை வைத்து பெல்ட் கட்டுவோம், அது விநாடிக்கு 60 தடவை அதிரும், அந்த அதிர்வு ஈரலுக்குள் அலையாக ஓடும். மெத்தென்ற ஈரலில் அலைகள் நெருங்கி நெருங்கி வரும், இறுகிய ஈரலில் நீள நீளமாக ஓடும். அந்த நீளத்திலிருந்து இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் கணக்கிடுவார்கள். நல்ல ஈரல் 2.5-க்குள் இருக்கும், 5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போன நிலை. 1995-ல் சயின்ஸ் இதழில் இந்த முறையை வெளியிட்ட அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழுவின் கட்டுரையில் முதல் பெயர் முத்துப்பிள்ளை. நம் ஊர்ப் பெயர், எனக்கு அதில் தனிப் பெருமை.

பரிசோதனைக்கு ஊசியில் சதை எடுத்தால் வருவது ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, நோய் முற்றியவருக்கு ரத்தம் கசியும் பயமும் உண்டு. விலாவில் வைத்துத் தட்டிப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன், நீர் கட்டிய வயிற்றில் சரியாக வேலை செய்யாது. அங்கே இந்த ஸ்கேன்தான் கை கொடுக்கிறது, அதுவும் மூச்சை நிறுத்திப் பிடிக்க முடிந்தால்.

அதனால் கூட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டால் ஈரலுக்கு ரத்தம் கூடி இறுக்கம் அதிகமாகக் காட்டும், கடலூர் பஸ் ஸ்டாண்டில் ரெண்டு இட்லிதானே என்று நினைக்காதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அரைஞாண், தாயத்து, மெட்டியை வீட்டிலேயே கழற்றுங்கள். மருந்து ஏற்றி ஈரலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டி வரலாம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா, பேச்சு குழறுகிறதா, வெட்கப்படாமல் சொல்லுங்கள், அவருக்கு நாங்கள் சொல்வது விளங்காமல் போகலாம்.

பெரியவருக்கு டாக்டர் நீரை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை மகள் வாசலில் உட்காரவைத்து நாலு நாள் பழக்கியிருந்தாள். எல்லாத் தடவையும் நிறுத்தினார். திரையில் அலை ஓடுவதைக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

"இது கரை அலை இல்ல தம்பி, நடுக்கடல்ல வர்ற மாதிரி நீளமா போவுது."

ஆமாம் ஐயா என்றேன். உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எண்டோஸ்கோப்பி எழுதினார். தேதி வாங்க மகள் வரிசையில் போய் நின்றாள்.